பேட்டரி வண்டிக்குக் கூடுதல் சாதனங்கள்: பூட்டும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுக்கவும், கடை கடையாகச் சரக்குப் போடவும் பேட்டரி லோடு ஆட்டோ வாங்கும் வணிகர்கள் பெருகி வருகின்றனர். சொந்த உபயோகத்துக்கு மின்சாரக் காரும் ஹைபிரிட் காரும் வாங்குகின்றனர். வண்டி வந்த மறுநாளே அடுத்த செலவு தொடங்கிவிடுகிறது. சீட் கவர், மேட், கூடுதல் விளக்கு, கேமரா, ஸ்பீக்கர், கேரியர் என்று பட்டியல் நீள்கிறது.

பெட்ரோல், டீசல் வண்டியில் இவற்றைப் பூட்டிப் பழகிய கை, அதே முறையில் இந்த வண்டியிலும் பூட்டிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் வருகிறது. இருநூறு ரூபாய் வயர் ஒன்றைத் தவறான இடத்தில் இணைத்தால், வண்டியிலேயே விலை உயர்ந்த உறுப்பான பேட்டரிக்கு உள்ள உத்தரவாதம் கேள்விக்குறியாகும். அதைவிட மோசமாகத் தீ விபத்தும் நேரலாம். சாதனத்தின் விலையைப் பேரம் பேசும் நாம், அது வண்டிக்குள் எதைத் தொடுகிறது என்பதையும் கேட்க வேண்டும். அதற்கான மூன்று கேள்விகளை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

வண்டியின் வகைகள்

முதலில் நம்மிடம் இருப்பது எந்த வகை வண்டி என்பதைத் தெரிந்துகொள்வோம். முழு மின்சார வண்டிக்கு எஞ்சின் கிடையாது. பிளக்கில் சார்ஜ் ஏற்றியே ஓட்ட வேண்டும். சாதாரண ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் உண்டு. ஆனால் பிளக் கிடையாது, ஓடும்போதே பேட்டரியில் சார்ஜ் ஏறும். பிளக்-இன் ஹைபிரிட் என்பது இரண்டும் சேர்ந்தது. பிளக்கிலும் சார்ஜ் ஏறும், பெட்ரோலிலும் ஓடும்.

மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. கார்களில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி ஒன்று. பிளக்கில் சார்ஜ் ஏறும் கார்களில் இது பெரும்பாலும் பல நூறு வோல்ட் அளவுள்ளது. ஹாரன், விளக்கு, கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர் முதலியவற்றுக்கான சிறிய 12 வோல்ட் பேட்டரி மற்றொன்று. நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பெரிய பேட்டரியின் வலிமை புரியும். லோடு ஆட்டோக்களில் இது பெரும்பாலும் 48 வோல்ட் அளவில் இருக்கும். ஷாக் அபாயம் அதில் குறைவு. ஆனால் ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம் ஸ்பானரையே உருக்கிவிடும்.

கார்களில் உயர் மின்னழுத்தம் செல்லும் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உலகெங்கும் பின்பற்றப்படும் அடையாளம் இது. பயிற்சி பெறாத எவரும் ஆரஞ்சு வயரைத் தொடக் கூடாது, அதன்மீது எதையும் கட்டக் கூடாது, அதை ஒட்டித் துளை போடக் கூடாது.

கேள்வி ஒன்று: மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறது?

கேமரா, ஜி.பி.எஸ்., ஸ்பீக்கர், கூடுதல் விளக்கு எதுவாயினும் 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். அதிலும் ஓர் அளவு உண்டு.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் கேமரா சுமார் 5 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் இது ஏறத்தாழ 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி. சிறிய பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்றால், நான்கு நாள் முடிவதற்குள் அது காலி. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் வண்டி உயிர் பெறாது. பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் பயனில்லை. ஏனெனில் பெரிய பேட்டரியை இணைத்துவிடும் சுவிட்சுக்கே சிறிய பேட்டரியின் மின்சாரம் தேவை. ஆகவே கேமரா வாங்கும்போது, மின்னழுத்தம் குறைந்தால் தானே நின்றுவிடும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி பொருத்துவது இன்னும் நல்லது.

லெட் ஆசிட் பேட்டரி உள்ள மூன்று சக்கர வண்டிகளில் வேறொரு தவறு நடக்கிறது. நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 48 வோல்ட் ஆகின்றன. ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக அந்த நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகின்றனர். அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்கும். சார்ஜ் ஏறும்போது மற்ற மூன்றோடு சேர்ந்து நிறையாது. நாளடைவில் அது கெட்டு, மற்ற மூன்றையும் கெடுக்கும். நான்கு மாடுகள் இழுக்கும் வண்டியில் ஒரு மாட்டுக்கு மட்டும் தீனி குறைத்த கதைதான். 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

பொருத்தும் முறையிலும் கவனம் தேவை. வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் பழைய முறை இங்கே ஆகாது. கம்பெனி வயரிங்கில் உள்ள கப்ளரோடு அப்படியே பொருந்தும் கப்ளர் வைத்த சாதனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் தனி பியூஸ் வேண்டும். அந்தப் பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். "அடிக்கடி பியூஸ் போகிறது" என்று 20 ஆம்பியர் போட்டால், அடுத்து போவது வயர்.

இணைப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 2008 ஜூன் மாதம், டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் கார் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. கம்பெனி செய்த பிளக்-இன் கார் அல்ல அது. சாதாரண ஹைபிரிட்டில் வெளியாரின் கூடுதல் பேட்டரியைப் பூட்டிப் பிளக்-இன் ஆக மாற்றியது. ஆராய்ந்து பார்த்ததில், பேட்டரிக்குள் போல்ட் போட்டு இணைத்த இடங்கள் சரியாக அமைக்கப்படாமல் சூடேறியதே காரணமாகச் சொல்லப்பட்டது. கடையில் பிரீசர் பிளக் தளர்ந்தால் பின் கருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். வண்டியிலும் அதே கதைதான், அளவுதான் பெரிது.

கேள்வி இரண்டு: எவ்வளவு எடை, எங்கே ஏறுகிறது?

சாதனத்தின் எடை ஒவ்வொரு கிலோவும் நம் சரக்கிலிருந்து கழிகிறது. 500 கிலோ ஏற்ற அனுமதியுள்ள லோடு ஆட்டோவில் 80 கிலோ இரும்புப் பெட்டி கட்டினால் மிச்சம் 420 கிலோதான். அதாவது நடைக்கு மூன்று அரிசிச் சிப்பம் குறையும். நாளைக்கு நான்கு நடை என்றால் பன்னிரண்டு சிப்பம். இதைக் கணக்கில் கொள்ளாமல் பழைய அளவிலேயே ஏற்றினால் அது அதிகப் பாரம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

எடை கூடினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். மழைக்கும் வெயிலுக்கும் சரக்கைக் காப்பதே நோக்கம் என்றால், கழற்றி மாட்டும் குழாய்ச் சட்டமும் தார்ப்பாயும் பல கடைகளுக்குப் போதுமானவை.

காரின் மேல் கேரியர் போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம். மேலே சாமான் இல்லாவிட்டாலும் வெறும் கேரியரே காற்றைத் தடுத்து மின்சாரத்தைத் தின்னும். வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதே சிக்கனம்.

தரையில் துளை போடுவது அறவே கூடாது. பல மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி தரைக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. மேட் நகராமல் இருக்கவோ பலகை பொருத்தவோ ஒரு திருகாணி இறக்கினால், அது எதில் போய் முடியும் என்று சொல்ல முடியாது.

கேள்வி மூன்று: எதை மறைக்கிறது?

சாதனம் மின்சாரம் எடுக்காது, எடையும் இல்லை என்றாலும், அது எதையாவது மூடி மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சீட் கவரை எடுத்துக்கொள்வோம். முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் சாதாரணக் கவரை இறுக்கித் தைத்துப் போட்டால், விபத்தின்போது ஏர்பேக் விரிவது தடைபடலாம். பக்கவாட்டுத் தையல் விட்டுக்கொடுக்கும்படி செய்த, அந்த வண்டிக்கென்றே உள்ள கவரை மட்டுமே வாங்க வேண்டும்.

மேட் அற்பப் பொருளாகத் தோன்றும். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் மேட்தான். ஓட்டுநர் பக்க மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் இருந்தது. பிரியஸ் ஹைபிரிட் காரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஓட்டுநர் பக்கம் ஒரே மேட்தான் போட வேண்டும். அது கம்பெனிக் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். மேட்டின் மேல் மேட் கூடாது.

நம் மளிகைத் தொழிலுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. சில ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் பின் சீட்டுக்கு அருகில் இருக்கிறது. பார்த்தால் சாதாரண ஜன்னல் பின்னல் போலத் தெரியும். அதை அடைத்துக்கொண்டு மூட்டை வைத்தாலோ, சீட் கவர் மூடிக்கொண்டாலோ பேட்டரி சூடேறும். மைதா, கடலை மாவு, மிளகாய்த் தூள் சிப்பங்களை அந்த இடத்தில் வைத்தால், சிந்தும் தூள் வடிகட்டியில் போய் அடையும். மாவுச் சரக்கை எப்போதாவது காரில் ஏற்ற நேர்ந்தால் டிக்கியில், மூடிய பிளாஸ்டிக் தட்டில் வைக்கவும். சர்வீசுக்கு விடும்போது அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கவும்.

கடை வாசலில் சார்ஜ் போட

வண்டிக்கு வாங்கும் சாதனங்களில் முதன்மையானது வண்டிக்குள் பூட்டுவது அல்ல. கடைச் சுவரில் பூட்டும் சார்ஜ் பாயிண்ட்தான். பணம் குறைவாக இருந்தால் மற்றவற்றைத் தள்ளிப்போட்டு இதை முதலில் செய்ய வேண்டும்.

3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். மிக்சி போல ஐந்து நிமிடம் ஓடி நிற்பதல்ல; பல மணி நேரம் விடாமல் எடுக்கும். எனவே பழைய பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இழுப்பது தீயை அழைப்பதாகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போடுவது நல்லது. 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் 32 ஆம்பியர் வரை எடுக்கும். அதற்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூரம் அதிகமானால் வயரின் கனமும் கூட வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்ய வேண்டும்.

மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவையும் பார்க்க வேண்டும். கடைக்கு 3 கிலோவாட் அனுமதி. பிரீசர், விளக்கு, மின்விசிறிக்கே 1 கிலோவாட் போகிறது. அதன்மேல் 3.3 கிலோவாட் சார்ஜர் போட்டால் அனுமதியைத் தாண்டுகிறோம். மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

சார்ஜ் பாயிண்டுக்குப் பக்கத்தில் கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின், காலிச் சாக்கு, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. முதல் வாரம் தினமும் சார்ஜ் போட்ட அரை மணி கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கவும். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பாயிண்டை உபயோகிக்காமல் எலக்ட்ரீஷியனை அழைக்கவும்.

எலித் தொல்லை நமக்குப் புதிதல்ல. தானியம் உள்ள இடத்தில் எலி வரும். வண்டி வயரையும் கடிக்கும். வண்டிக்குள் சிந்திய அரிசி, பருப்பைத் தினமும் பெருக்கிவிடுவதே முதல் மருந்து. பானெட் திறப்புகளுக்குக் கம்பெனியே வலை தருகிறதா என்று கேட்கலாம். ஆரஞ்சு வயரில் கடித்த தடம் தெரிந்தால் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு சர்வீஸ் நிலையத்துக்குச் சொல்லவும்.

சில மின்சாரக் கார்களில் வண்டியிலிருந்தே 230 வோல்ட் மின்சாரம் எடுக்கும் வசதி இருக்கிறது. சந்தையில் எலக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், விளக்கு ஆகியவற்றுக்கு இது நன்றாக உதவும். ஆனால் கரண்ட் போனபோது அந்த வயரைக் கடைப் பிளக்கில் சொருகிக் கடை முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் வேலை கூடவே கூடாது. அது தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், மேலே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி நிர்ணயித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அனுமதியின்றி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 2019 திருத்தம் சொல்கிறது. திறந்த லோடு வண்டியை மூடிய பெட்டி வண்டியாக மாற்ற விரும்புவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

முன்புற இரும்புக் கம்பித் தடுப்பு மீது இதே பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அது மோதலின் வேகத்தை ஏர்பேக் உணர்கருவிக்குச் சரியாகத் தெரியவிடாது. சாலையில் நடப்போருக்கும் ஆபத்து. கண்ணாடியில் ஒளி புகும் அளவு முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதத்துக்கும், பக்கங்களில் 50 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. கறுப்பு பிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பல சுரங்களில் பாடும் ஹாரனுக்கும் விதிகளில் இடமில்லை.

பில், உத்தரவாதம், இன்சூரன்ஸ்

மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் உத்தரவாதம் தருகின்றன. வெளியில் பூட்டிய சாதனத்தால் பழுது என்று கம்பெனி காட்டினால் அந்த உரிமை போய்விடும். எனவே மின் இணைப்புள்ள எதையும் பூட்டும் முன், சர்வீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் கேட்பது புத்திசாலித்தனம். கம்பெனிச் சாதனம் சற்று விலை கூடுதல்தான். ஆனால் மேட், மொபைல் ஸ்டாண்ட், சாமான் வலை போன்றவற்றை வெளியில் வாங்கி மிச்சம் பிடித்து, மின் சாதனத்தை மட்டும் கம்பெனியில் பூட்டினால் கணக்குச் சரியாகிவிடும்.

இன்சூரன்சில் கூடுதல் சாதனங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். மின் சாதனங்களுக்கு வழக்கமாக மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரிமியம் கேட்பார்கள். 25,000 ரூபாய் சாதனத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். குறிப்பிடாமல் விட்டால் சாதனத்துக்கு இழப்பீடு கிடைக்காது. அதனால்தான் தீப்பிடித்தது என்றால் வண்டிக்கான இழப்பீட்டிலும் வழக்கு வரும்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். சரக்கு ஏற்றும் வண்டிக்கான செலவில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க இடமுண்டு; சொந்தக் காருக்கும், காம்போசிஷன் முறையில் உள்ள வணிகர்களுக்கும் அது கிடையாது. விவரத்தை நம் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பூட்டும் நாளில் கவனிக்க

1. வண்டியை முழுவதும் அணைத்து, சாவியைத் தள்ளி வைக்கவும். இவ்வகை வண்டி சத்தமின்றி உயிரோடு இருக்கும். பிளக்-இன் ஹைபிரிட்டில் எஞ்சின் தானாகவே கிளம்பவும் கூடும்.

2. சார்ஜ் கேபிள் மாட்டியிருக்கும்போது எந்த வேலையும் செய்ய விடக் கூடாது.

3. கூட இருந்து பார்க்கவும். எந்த இடத்தில் வயர் எடுக்கிறார், பியூஸ் எங்கே வைக்கிறார் என்று கேட்டு, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

4. வேலை முடிந்ததும் போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கவும்.

5. பில்லில் வண்டி எண்ணும் சாதனத்தின் பெயரும் இருக்கட்டும். அதன் நகலை இன்சூரன்ஸ் தாளோடு வைக்கவும்.

சரக்கு வாங்கும்போது எடை, தரம், காலாவதித் தேதி மூன்றையும் பார்க்காமல் நாம் மூட்டையை இறக்குவதில்லை. வண்டிச் சாதனத்துக்கும் மின்சாரம் எங்கிருந்து, எடை எங்கே, மறைப்பது எதை என்ற மூன்று கேள்விகளையும் கேட்போம். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் மட்டும் வண்டியை ஒப்படைப்போம்.